சொல் முன்னே, கை பின்னே

லேப்டாப்பை டிவியில் மாட்டினால் முதலில் காட்டிக்கொடுப்பது மவுஸ்தான். சினிமா ஓடும்வரை எந்தக் குறையும் கண்ணில் படாது. மவுஸைப் பிடித்து வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். அம்பு கைக்குப் பின்னால் வரும். கையை நிறுத்திய பிறகும் இன்னும் கொஞ்சம் நகர்ந்துதான் நிற்கும். உடனே கேபிள்மேல் சந்தேகம் வருகிறது, அடுத்து லேப்டாப் பழசாகிவிட்டது என்று தோன்றுகிறது. நான் பார்த்தவரை பல வீடுகளில் இந்தத் தாமதம் டிவிக்குள்தான் நடக்கிறது. அதைக் காசு செலவில்லாமல் ரிமோட்டாலேயே சரிசெய்துவிடலாம். தெரிந்தவர்களிடம் இதை வாயால் சொல்லிக்கொண்டே இருந்தவன், இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்கா மகனின் மிருதங்க வகுப்பு.

அக்கா வீடு ஸ்ரீரங்கத்தில். பையனுக்குச் சொல்லித்தரும் வாத்தியார் இருப்பது சென்னையில், வகுப்பு ஜூமில். லேப்டாப்பின் சின்னத் திரையில் விரல்கள் சரியாகத் தெரியவில்லை என்று ஹாலில் இருக்கிற 43 அங்குல 4கே டிவியில் இணைத்தார்கள். யோசனை நல்லதுதான். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடி எந்த இடத்தில் விழுகிறது, நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமான கரணையின் ஓரத்திலா உள்ளேயா, விரல் தோலில் படிந்து நிற்கிறதா தெறித்து எழுகிறதா என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும். ஆனால் டிவிக்கு மாறிய பிறகு பையன் வேகமான பாடங்களில் தடுமாறத் தொடங்கினான்.

"மாமா, லேப்டாப்ல பாத்தா சரியா இருக்கு. டிவில பாத்தா சார் கை ஒரு சொல் பின்னாடியே வருது" என்றான்.

"கடைக்காரர் 4கே கேபிள் மாத்தினா சரியாயிடும்னு சொல்றார். வாங்கிடலாமாடா?" என்று அக்கா கேட்டாள்.

பையன் சொன்னதில் ஒரு துல்லியம் இருந்தது. மிருதங்கத்தில் சொல் என்றால் 'த', 'தி' என்று வாயால் சொல்லி விரலால் வாசிக்கும் ஓர் அடி. வினாடிக்கு ஒரு தட்டு என்று தாளம் போட்டு, ஒரு தட்டுக்குள் எட்டுச் சொல் வாசித்தால், ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 125 மில்லிசெகண்ட், அதாவது வினாடியில் எட்டில் ஒரு பங்கு. பட அழகுக்கான வசதிகளையெல்லாம் இயக்கி வைத்திருக்கும் ஒரு டிவி அந்த அளவுக்குத் தாராளமாகத் தாமதிக்கும். மைக்கில் எதிரொலிக்கக் கூடாது என்பதற்காகப் பையன் லேப்டாப்பில் வயர் இயர்போன் மாட்டியிருந்தான். அதனால் ஒலி உடனே காதுக்குப் போய்விடுகிறது, படம் மட்டும் டிவியைச் சுற்றிக்கொண்டு வருகிறது. தகதிமியில் காதில் 'மி' விழும் நேரத்தில் கண்ணில் 'தி' தெரிகிறது. இதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைதான் வேகமான மூன்றாம் காலம் வாசிக்க முடியும்?

எதையும் மாற்றுவதற்கு முன்னால் தாமதத்தை அளந்துவிட வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அழுத்தி, இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் ஏதாவது ஒரு ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். லேப்டாப்பை டிவிக்கு முன்னால் வைத்து, இரண்டு திரையும் ஒரே சட்டத்துக்குள் விழும்படி போனில் படம் எடுங்கள். அக்கா வீட்டில் எடுத்த படத்தில் லேப்டாப் 41.86 வினாடி காட்டியது, டிவி 41.73. வித்தியாசம் 130 மில்லிசெகண்ட். பையனின் ஒரு சொல்! திரை புதுப்பிக்கப்படும் இடைவெளியால் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால் நாலைந்து எடுத்துச் சராசரியாகப் பார்ப்பது நல்லது. போனில் ஸ்லோமோஷன் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இந்தப் படங்களே நோயைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடும். வித்தியாசம் எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் டிவி படத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு படத்தில் குறைவாகவும் அடுத்ததில் எக்கச்சக்கமாகவும் இருந்தால், வயர் இல்லாமல் இணைத்திருக்கிறீர்கள், அல்லது இடையில் உள்ள அடாப்டர் திணறுகிறது. லேப்டாப் திரையிலேயே எண்கள் விட்டுவிட்டு ஓடினால் டிவியை விட்டுவிடலாம். லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா, சார்ஜர் மாட்டாமல் பேட்டரி சேவரில் ஓடுகிறதா, பிரவுசரில் ஐம்பது டேப் திறந்திருக்கிறதா என்று அங்கேதான் பார்க்க வேண்டும்.

டிவி ஏன் படத்தைப் பிடித்து வைக்கிறது? வந்த படத்தை வந்தபடியே காட்ட அது செய்யப்படவில்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து பாதிப் பாதி வரிகளாக வரும் ஒளிபரப்பை அது முழுப்படமாக ஒட்டவைக்க வேண்டும். பழைய சேனலின் சின்னப் படத்தை 4கே திரைக்கு ஏற்ப விரிக்க வேண்டும், புள்ளிபுள்ளியாகத் தெரிவதைத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றிரண்டு படங்களையாவது கையில் வைத்திருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிசெகண்ட். நாலு படத்தைப் பிடித்து வைத்தாலே 67 ஆகிவிடுகிறது. இதில் பெரிய விழுங்கி, அசைவை வழுவழுப்பாக்கும் வசதி. சோனி அதை மோஷன்ஃப்ளோ என்கிறது, எல்ஜி ட்ரூமோஷன் என்கிறது, சாம்சங் ஆட்டோ மோஷன் பிளஸ் என்கிறது. இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தை டிவி தானே கணித்து வரைகிறது. கோலத்தில் இரண்டாவது புள்ளியை வைக்காமல் இடையில் கோடு இழுக்க முடியாது அல்லவா? அடுத்த படம் வந்து சேரும்வரை டிவி காத்திருந்தே ஆக வேண்டும்.

சீரியல் பார்க்கிறவருக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை. படத்தைத் தாமதிக்கும் அளவுக்கே ஒலியையும் டிவி தாமதித்துவிடுகிறது, உதடும் வசனமும் சேர்ந்தே போகின்றன. மொத்த நிகழ்ச்சியும் எட்டில் ஒரு பங்கு வினாடி தள்ளி ஓடுவது யாருக்குத் தெரியப்போகிறது? லேப்டாப் வந்தால்தான் கை உள்ளே நுழைகிறது. மவுஸ் நகர்த்தும் கை, டைப் அடிக்கும் கை, தாளம் போடும் கை. கைக்கு எப்போது அசைந்தோம் என்று தெரியும், அதனால் டிவியின் கணக்கு அதனிடம் செல்லுபடியாகாது. என்னைக் கேட்டால், டிவி கடைகளில் 4கே, எச்டிஆர் என்று சொல்லி விற்கும்போது இந்தத் தாமதத்தின் அளவையும் பெட்டியில் அச்சிட வேண்டும். இன்று பாதி வீடுகளில் டிவி என்பது படிப்பு, வேலை, விளையாட்டு எல்லாவற்றுக்குமான திரை.

பழைய டப்பா டிவியில் இந்தத் தொல்லையே கிடையாது. சிக்னல் உள்ளே வர வர எலக்ட்ரான் கற்றை அதை அப்படியே திரையில் வரைந்துகொண்டு போகும். 90களில் டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேமில் துப்பாக்கியால் வாத்து சுட்டவர்களுக்கு நினைவிருக்கும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்தக் கணத்தில் துப்பாக்கியின் வாயில் இருக்கும் உணரி வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். முழு விளையாட்டும் டிவி தாமதிக்காது என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. அந்தத் துப்பாக்கியை இன்றைய எல்இடி டிவியில் மாட்டினால் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கி பார்க்கும் கணத்தில் வெள்ளைக் கட்டம் இன்னும் டிவியின் வயிற்றுக்குள்தான் இருக்கும்.

மருந்தும் விளையாட்டுக்காரர்கள் வழியாகத்தான் வந்தது. பட அமைப்பில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவற்றை டிவி கைவிட்டுவிடும். ஓரளவு புதிய டிவிகளில் 60 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 60 படம் ஓடும்போது, தாமதம் 10, 15 மில்லிசெகண்டுக்கு இறங்கிவிடுகிறது. லேப்டாப்பையும் செட்டாப் பாக்ஸையும் டிவியோடு இணைக்கும் கேபிள் முறைக்கு எச்டிஎம்ஐ என்று பெயர். 2017-இல் வந்த அதன் 2.1 தரத்தில், விளையாட்டுக் கருவி மாட்டியதும் டிவி தானாகவே இந்த நிலைக்கு மாறும் ஏற்பாடு ஒன்று சேர்க்கப்பட்டது. லேப்டாப்பை மாட்டும்போது அது நடக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம், ரிமோட்டை எடுத்து நீங்களே மாற்றிவிடுங்கள். 2019-இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோடும் அசைவு வழுவழுப்பை நிறுத்திவிடும். ஆனால் அதன் நோக்கம் படத்தை இயக்குநர் எடுத்தபடி காட்டுவது, தாமதத்தைக் குறைப்பது அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

அக்கா வீட்டில் கேம் மோட் போட்டதும் ஸ்டாப்வாட்ச் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. "கலரெல்லாம் வெளுத்துப்போச்சேடா" என்றாள் அக்கா. உண்மைதான், அந்த மோடில் நிறம் கொஞ்சம் மங்கலாகத்தான் தொடங்கும். உள்ளே போய் வண்ணத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக்கொள்ளலாம், அதனால் தாமதம் ஏறாது.

இன்னொரு சின்ன வேலை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. எல்ஜி, சாம்சங் டிவிகளில் எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால், டிவி கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு படத்தைக் கையாளும் விதத்தையே மாற்றிக்கொள்கிறது. நிறத் தகவலைச் சுருக்காமல் முழுமையாக எடுத்துக்கொள்வதால் எழுத்து கூர்மையாகும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசங்கித் தெரிகிறதென்றால் இதை உடனே செய்து பாருங்கள்.

கேம் மோட் போட்ட பிறகும் மவுஸ் இழுத்தது. அந்த லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இல்லை, யூஎஸ்பி டைப்-சி வழியாக ஒரு மலிவு அடாப்டர் போட்டிருந்தார்கள். டிஸ்பிளே செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற இடத்தில் பார்த்தால், டிவிக்கு 4கே படம் வினாடிக்கு 30 தடவை மட்டும் போய்க்கொண்டிருந்தது. லேப்டாப் திரையில் 60. அதாவது டிவியில் ஒவ்வொரு படமும் 33 மில்லிசெகண்ட் அசையாமல் நிற்கிறது. அம்பு வழுக்கிக்கொண்டு போகாமல் தாவித் தாவிப் போகும். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரத்துக்கு 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான் எல்லை. 60 வந்தது 2013-இல், 2.0 தரத்தில். மலிவு அடாப்டர்கள் பலவும் இன்னும் பழைய எல்லையிலேயே நிற்கின்றன. அட்டையில் '4கே' என்று பெரிதாகப் போட்டு, '30 ஹெர்ட்ஸ்' என்பதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்கும்போது தேட வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். சாதாரண யூஎஸ்பி துளையில் மாட்டும் அடாப்டர்கள் இன்னொரு ஜாதி. அவற்றில் பல, லேப்டாப்பின் சிபியுவை வைத்துப் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. பவர்பாயிண்ட் காட்டப் போதும், அசைகிற எதற்கும் ஆகாது.

புதிய அடாப்டர் வாங்கும்வரை அக்காவிடம் காத்திருக்கச் சொல்லவில்லை. தெளிவுத்திறனை 1920க்கு 1080 என்று இறக்கினேன், உடனே 60 ஹெர்ட்ஸ் கிடைத்தது. ஜூமில் வரும் படம் 4கே அல்ல. அதை 4கே திரையாக அனுப்புவதில் கிடைப்பது ஒன்றுமில்லை, இழப்பது பாதி அசைவு. அம்பு கையோடு வந்தது, வாத்தியாரின் விரலும்தான்.

டிவி பக்கத்திலும் ஒரு தடை உண்டு. 4கேயை 60 ஹெர்ட்ஸில் முழுமையாக வாங்கும் வசதி சில டிவிகளில் ஒன்றிரண்டு எச்டிஎம்ஐ துளைகளுக்கு மட்டும் இருக்கும். இருந்தாலும் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கலாம். சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட் என்று தேடி இயக்க வேண்டும்.

இனி அந்த 4கே கேபிள். கேபிளால் தாமதம் வராது. இரண்டு மீட்டர் வயரை சிக்னல் கடக்க ஆகும் நேரம் ஒரு வினாடியின் பத்து கோடியில் ஒரு பங்கு. தங்க முலாம் பூசினாலும் அது குறையாது. மோசமான கேபிள் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் ஒரு நொடி போய்ப்போய் வரும், அல்லது 60 ஹெர்ட்ஸ் போட்டால் திரை கறுத்துவிடும். 4கே 60-க்கு வினாடிக்கு 18 ஜிகாபிட் தாங்க வேண்டும் என்பதால் அங்கே கேபிளின் தரம் முக்கியம்தான். ஆனால் மவுஸ் இழுக்கிறது என்று சொல்லும் வாடிக்கையாளருக்கு முதல் பதிலாகக் கேபிளை நீட்டுவது நியாயமில்லை. இதில் எனக்குக் கோபமே உண்டு. ரிமோட்டில் இரண்டு பட்டன் அழுத்தினால் தீரும் விஷயத்துக்கு ஒரு குடும்பம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

ஒலி விஷயத்துக்கு வருகிறேன். மிருதங்கக்காரர்களுக்கும், பாட்டு, நடனம் கற்கிற எல்லோருக்கும் முக்கியமான இடம் இதுதான். ஒலி படத்துக்கு முந்துவதும் பிந்துவதும் நமக்கு ஒன்றல்ல. மின்னல் முதலில், இடி பிறகு. தூரத்தில் துணி துவைப்பவரின் கை முதலில், ஓசை பிறகு. ஒலி கொஞ்சம் பிந்துவது இயற்கையே பழக்கிய விஷயம் என்பதால் மூளை பொறுத்துக்கொள்கிறது. முந்தினால் பொறுப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில் இதற்கு அளவே இருக்கிறது: ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது, பிந்தும்போது 125 வரை தெரிவதில்லை. பையனுக்கு நடந்தது மோசமான திசையில். காதுக்கு ஒலி உடனே, கண்ணுக்குப் படம் 130 தள்ளி. அதே வகுப்பின் ஒலியையும் டிவி ஸ்பீக்கரிலேயே விட்டிருந்தால் இரண்டும் ஒன்றாய் வந்திருக்கும், ஆனால் மைக்கில் எதிரொலி ஏறியிருக்கும்.

புளூடூத் நெக்பேண்டைப் போட்டால் கதை தலைகீழாகிறது. சாதாரண புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை பிந்துவது சகஜம். டிவி கேம் மோடில் விரைவாகக் காட்ட, ஒலி பின்தங்கி வரும். சினிமாவுக்கு இதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது. விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஜே, கே எழுத்துகளை அழுத்தினால் ஒலி 50 மில்லிசெகண்ட் வீதம் முன்னும் பின்னும் நகரும். நேரலை வகுப்புக்கு அந்த வழி கிடையாது. வயர் இயர்போன்தான் போட வேண்டும். வாத்தியாரோடு பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது: பையன் வாசிக்கும் மெல்லிய சொற்கள் அவருக்குக் கேட்பதே இல்லையாம். ஜூம் இரைச்சலை வடிகட்டும்போது தாள வாத்தியத்தின் தட்டுகளையும் இரைச்சல் என்று வெட்டிவிடுகிறது. இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்ட் என்ற வசதியை அதிலேயே தேடி இயக்கினால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் அடி ஒலி முழுசாகப் போய்ச் சேரும். டிவிக்குச் சம்பந்தமில்லாத விஷயம், ஆனால் வகுப்புக்கு இதுவும் பெரிய ஆறுதல்.

வயர் இல்லாமல் இணைப்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்கம்: கை வேலை இருந்தால் வேண்டாம். 2012-இல் வந்த மிராகாஸ்ட் முறையில் லேப்டாப் தன் திரையை ஒவ்வொரு கணமும் வீடியோவாகச் சுருக்கி வைஃபையில் அனுப்புகிறது, டிவி அதை விரித்துச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. இடையில் ஒரு தகவல் பொட்டலம் தொலைந்தால் படம் நின்றுவிடக் கூடாது என்று கொஞ்சம் முன்சேமிப்பும் வைத்துக்கொள்கிறது. அந்த முன்சேமிப்புதான் தாமதம். அடுக்குமாடிகளில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். எல்லா வீட்டு ரவுட்டரும், புளூடூத்தும் அங்கேயே நெரிகின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் திக்கல் நன்றாகக் குறையும், தாமதம் முழுதாகப் போகாது. யூடியூபோ படமோ பார்க்க மட்டும் என்றால் திரையை அனுப்பவே வேண்டாம். காஸ்ட் பட்டனை அழுத்தினால் டிவியே நேராக இணையத்திலிருந்து வீடியோவை எடுத்துக்கொள்ளும், லேப்டாப் ரிமோட் வேலை மட்டும் பார்க்கும்.

படம் பார்க்கும்போது மட்டும், அதுவும் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் மட்டும் லேசாகத் திக்குகிறது என்றால், அது தாமதமே அல்ல. சினிமா வினாடிக்கு 24 படம், திரை 60. இரண்டும் சமமாக வகுபடாது. அதனால் ஒரு படம் 50 மில்லிசெகண்டும் அடுத்தது 33-ம் நிற்கும். டிவி ஏற்றுக்கொண்டால் படம் முடியும்வரை திரையை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றி வையுங்கள், பிறகு மறக்காமல் 60-க்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் மறுநாள் மவுஸ் நகர மறுக்கும். இரண்டு திரையிலும் ஒரே படம் என்று வைக்காமல் 'இரண்டாம் திரை மட்டும்' என்று வைப்பதும் நல்லது. வேகம் வேறுபட்ட இரண்டு திரைகளை ஒரே படத்தால் நிரப்பும்போது ஏதாவது ஒன்றில் திக்கல் வரும்.

அக்காவுக்குக் கடைசியாக இருந்த கவலை மாமியாரின் சீரியல். வெளுத்த நிறத்தில் பார்க்க அவர் சம்மதிக்க மாட்டார். அவர் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த டிவி பட அமைப்பை ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. லேப்டாப்புக்கு இரண்டாம் துளை, செட்டாப் பாக்ஸுக்கு முதல் துளை என்று பிரித்து, இரண்டு வயரிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். வயரை மாற்றி மாட்டாதவரை சீரியல் பழைய நிறத்திலேயே ஓடும்.